இஸ்லாத்தில் நீதி: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) முடிந்து வெளியே நிற்கும்போதும், கடையில் வியாபாரம் மந்தமாக இருக்கும் மதிய நேரத்திலும் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பாதிப் பேர் நம் ஜமாஅத் (பள்ளிவாசல் சமூகம்) ஆட்கள். மீதிப் பேர் அக்கம்பக்கத்துச் செட்டியார் வீட்டு அண்ணன்மார், கூட வேலை பார்ப்பவர்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, அதற்கு ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்)தான் போக வேண்டும். குர்ஆனிலும் ஹதீஸிலும் (நபிமொழியிலும்) இருப்பதை நம் ஊர் நடப்போடு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பவை குர்ஆனின் அத்தியாய, வசன எண்கள்.

தொழுகை, நோன்பு மாதிரி நீதியும் ஒரு கடமையா?

கடமைதான். ஒவ்வொரு ஜும்ஆவிலும் குத்பா (சொற்பொழிவு) முடியும் தறுவாயில் "இன்னல்லாஹ யஃமுரு பில் அத்லி வல் இஹ்ஸான்" என்று ஹஜரத் (இமாம்) ஓதுவது பலருக்கு அர்த்தம் தெரியாமலே மனப்பாடம். நீதி செலுத்தவும், நன்மை செய்யவும், உறவினருக்குக் கொடுக்கவும் அல்லாஹ் ஏவுகிறான் என்பது அதன் பொருள் (16:90). இது குத்பாவுக்குள் வந்த கதை சுவாரஸ்யமானது. உமையா ஆட்சிக்காலத்தில் மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) ஏறி அலீ (ரலி) அவர்களை ஏசும் வழக்கம் இருந்ததாகவும், கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் அதை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இந்த வசனத்தை ஓத வைத்ததாகவும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

தூதர்களை அனுப்பியதும், வேதத்தையும் தராசையும் இறக்கியதும் மக்கள் நீதியில் நிலைத்து நிற்பதற்காகவே என்று இன்னொரு வசனம் சொல்கிறது (57:25). வேதத்துக்குப் பக்கத்தில் தராசு. அநீதியை எனக்கே நான் தடைசெய்து கொண்டேன், உங்களுக்குள்ளும் அதைத் தடை செய்துவிட்டேன் என்று அல்லாஹ் சொல்வதாக ஒரு ஹதீஸ் குத்ஸி 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் நூலில் உண்டு. படைத்தவனே தனக்கு விதித்துக்கொண்ட ஒன்றிலிருந்து நமக்கு மட்டும் எப்படி விலக்குக் கிடைக்கும்?

நீதி என்பது ஆட்சியாளர், நீதிபதி விவகாரம்தானே? சாதாரண ஆளுக்கு அதில் என்ன வேலை?

நாட்டு நடப்பைப் பேசும்போது நாம் எல்லோரும் நீதிமான்கள்தான். டீக்கடையில் உட்கார்ந்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதிவிடுவோம். குர்ஆனோ பேச்சை நம் பக்கமே திருப்புகிறது. "நீதியில் உறுதியாக நில்லுங்கள், அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சரி" என்கிறது நிஸா அத்தியாயம் (4:135). சம்பந்தப்பட்டவன் பணக்காரனா ஏழையா என்று பார்க்காதே என்றும் அதே வசனம் சேர்த்துச் சொல்கிறது. பணக்காரனுக்குப் பயந்து பொய் சொல்வதும், ஏழை பாவம் என்று இரக்கப்பட்டுப் பொய் சொல்வதும் பொய்ச்சாட்சிதான்.

நபிகள் நாயகம் (ஸல்) இதைச் சொன்னதோடு நிற்கவில்லை. மக்கா வெற்றியின்போது மக்ஸூம் குலத்துப் பெண் ஒருத்தி திருடிவிட்டாள். பெரிய குடும்பம். யாரை வைத்துப் பேசலாம் என்று யோசித்து, நபிக்குச் செல்லப்பிள்ளையான உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைத் தூது அனுப்பினார்கள். நபி (ஸல்) கோபப்பட்டார்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அழிந்ததே இதனால்தான், பெரிய மனிதன் திருடினால் விட்டுவிடுவார்கள், எளியவன் திருடினால் தண்டிப்பார்கள் என்றார்கள். என் மகள் ஃபாத்திமா திருடியிருந்தாலும் இதே தண்டனைதான் என்றும் சொன்னார்கள். இது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. சிபாரிசு பிடிக்கப் போகும் முன் நினைத்துப் பார்க்க வேண்டிய ஹதீஸ் இது.

இன்னொன்று ஹிஜ்ரி 10இல் அரஃபாவில் நிகழ்த்திய இறுதிப் பேருரை. அறியாமைக் காலத்து வட்டி எல்லாம் ரத்து என்று அறிவித்தபோது, முதலில் ரத்தானது யாருடைய வட்டி? நபியின் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டி. பழிக்குப் பழி ரத்து என்றபோது முதலில் விட்டுக்கொடுத்ததும் தம் குடும்பத்து இரத்தப் பழியைத்தான். சட்டத்தின் சூடு முதலில் சொந்த வீட்டில் பட்டது. அதற்கப்புறம்தான் ஊருக்கு.

உங்கள் நீதி உங்கள் ஆட்களுக்கு மட்டும்தானா?

நண்பர் ஒருவர் கொஞ்சம் கிண்டலாகக் கேட்டது, ஆனால் நியாயமான கேள்வி. ஒரு கூட்டத்தார் மீது உள்ள வெறுப்பு உங்களை நீதி தவற வைக்க வேண்டாம், நீதி செலுத்துங்கள், இறையச்சத்துக்கு அதுவே நெருக்கமானது என்று மாயிதா அத்தியாயம் சொல்கிறது (5:8). பிடித்தவனுக்கு நியாயம் செய்வதில் சிரமம் எதுவும் இல்லை. பிடிக்காதவனுக்குச் செய்வதில்தான் சோதனை. மார்க்க விஷயத்தில் உங்களோடு போர் செய்யாதவர்களிடம் நன்மையாகவும் நீதியாகவும் நடக்க அல்லாஹ் தடுக்கவில்லை என்று மும்தஹினா அத்தியாயமும் சொல்கிறது (60:8).

நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து சில வசனங்கள் இறங்கிய பின்னணியாக விரிவுரை நூல்களில் ஒரு சம்பவம் வருகிறது. மதீனாவில் துஃமா என்பவன் அண்டை வீட்டுக் கவசத்தை ஒரு மாவு மூட்டையில் ஒளித்துத் திருடினான். மூட்டை ஓட்டை, மாவு வழியெல்லாம் சிந்தியது. கவசத்தைக் கொண்டுபோய் ஒரு யூதரிடம் வைத்துவிட்டு, திருடியது அவர்தான் என்று பழி போட்டான். அவனுடைய குலத்தாரும் "நம்ம ஆள்" என்று நபியிடம் வந்து அவனுக்காக வாதாடினார்கள். அப்போதுதான் மோசடிக்காரர்களுக்காக வாதாடாதீர் என்று வசனம் வந்தது. தான் செய்த பாவத்தை நிரபராதி மேல் தூக்கிப் போடுபவன் அவதூற்றையும் பகிரங்கப் பாவத்தையும் சுமக்கிறான் என்றும் வந்தது (4:112). முஸ்லிம் பெயர் வைத்திருந்தவனைக் கைவிட்டு, குற்றமற்ற யூதரைக் காப்பாற்ற வந்த வசனங்கள் இன்றைக்கும் தொழுகையில் ஓதப்படுகின்றன. "நம்ம ஆள்" என்ற சொல் எங்கே வந்தாலும் எனக்கு இந்த மாவு மூட்டை நினைவுக்கு வந்துவிடும்.

நபித்துவத்துக்கு முந்தைய ஒன்றையும் சொல்ல வேண்டும். யமன் நாட்டு வியாபாரி ஒருவரிடம் சரக்கு வாங்கிய மக்கா பெரும்புள்ளி, பணம் தராமல் ஏமாற்றினான். வெளியூர்க்காரருக்கு நியாயம் கேட்க ஆள் இல்லை. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் சில குலத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவன் யாராக இருந்தாலும் அவன் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். இளைஞரான முஹம்மதும் அதில் இருந்தார்கள். இஸ்லாம் வந்தபின் யாராவது அப்படி அழைத்தாலும் போவேன் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். கூடியவர்கள் யாரும் அப்போது முஸ்லிம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வியாபாரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தானே செய்யும்?

"கொஞ்சம்" என்பதற்குத்தான் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடுதான் என்று தொடங்குகிறது முதஃப்ஃபிஃபீன் (83:1-3). ஷுஐப் நபி மத்யன் மக்களிடம் சொன்னதும் இரண்டு விஷயம்: அல்லாஹ்வை வணங்குங்கள், அளவையும் நிறுவையையும் சரியாக வையுங்கள் (11:84-85). ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார்.

நபி (ஸல்) சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். என்ன இது என்று கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அதை மேலே வைத்திருக்கலாமே, மக்கள் பார்த்து வாங்குவார்களே, ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் இல்லை என்றார்கள். நனைந்த தானியத்தை விற்பது அங்கே குற்றமாகவில்லை. அடியில் மறைத்ததுதான் குற்றமாயிற்று.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்க வருகிறவருக்குப் பர்மா தேக்குக்கும் வேறு மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கட்டிலின் மூன்று கால் பழசு, ஒரு கால் போன வருஷம் கடைந்து சாயம் ஏற்றியது என்றால், அந்த நாலாவது காலைக் காட்டி விலை பேச வேண்டும். கேட்டால் சொல்வேன் என்பது போதாது. குறையைச் சொல்லாமல் விற்பது கூடாது என்பதில் மார்க்க அறிஞர்களிடையே பேச்சே இல்லை. வாரச் சந்தையில் மேல்வரிசையில் நல்ல தக்காளியை அடுக்கி, கவரில் போடும்போது கீழே இருந்து அள்ளுவதும் இதே கணக்குதான். விலை கூட்டிச் சொல்லுங்கள், பேரம் பேசுங்கள், அது வேறு.

தெரிந்தவருக்குக் கடன் கொடுக்கும்போது எழுதி வாங்கினால் நம்பிக்கையில்லை என்று ஆகாதா?

குர்ஆனிலேயே நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பதைப் பற்றி (2:282). தவணை குறித்த கடன் என்றால் எழுதுங்கள், சிறியதோ பெரியதோ சலிக்காதீர்கள், சாட்சி வையுங்கள் என்கிறது. எழுதுபவன் நீதியாக எழுத வேண்டும். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். இது நுணுக்கமான இடம். பணம் வைத்திருப்பவன் கை எப்போதும் மேலே இருக்கும். காகிதத்திலும் அவன் சொல்வதே வந்துவிட்டால் வாங்கியவன் நிலை என்ன? அவனுக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அவன் பொறுப்பாளர் நீதியாகச் சொல்லட்டும் என்று அதற்கும் வழி வைத்திருக்கிறது.

பேரேடும் ஐந்தொகையும் புழங்கிய ஊர் இது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த செட்டியார்கள், பெட்டியடிப் பையன் முதல் மேலாள் வரை கணக்கு எழுதித்தான் வளர்ந்தார்கள். எழுத்து உறவைக் கெடுக்கும் என்று இந்த மண்ணில் யாரும் சொல்லக் கூடாது. எழுதாத கடன்தான் மச்சானையும் மாப்பிள்ளையையும் பிரித்திருக்கிறது.

வாங்கியவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடு, விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று முந்தைய பக்கமே சொல்லிவிட்டது (2:280). அதற்காக, வசதி இருந்தும் இழுத்தடிக்கலாம் என்று அர்த்தமில்லை. பணம் வைத்துக்கொண்டு தவணை சொல்வது அநீதி என்பது புகாரியில் உள்ள ஹதீஸ்.

வட்டி?

வட்டி தடை, அதில் பேச்சுக்கு இடமில்லை (2:275-279). அந்த வசனங்களின் கடைசியில் வரும் வார்த்தைதான் அதன் சாரம்: உங்கள் மூலதனம் உங்களுக்கு, நீங்களும் அநீதி செய்யக் கூடாது, உங்களுக்கும் அநீதி செய்யப்படக் கூடாது. வங்கிக் கடன், நகைக்கடன், சீட்டு பற்றித் தனித்தனியாக ஆலிமிடம் கேளுங்கள்.

பெண்ணுக்குத்தான் கல்யாணத்திலேயே சீர் செய்துவிட்டோமே, சொத்தில் ஏன் பங்கு?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகமாகத் தட்டிக்கழிக்கப்படுவதும் இதுதான்.

கல்யாணச் சாமானுக்குப் பேர் போன சீமை நம்முடையது. பார்த்துப் பார்த்து நம் வீடுகளுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. போதாக்குறைக்குக் கைக்கூலி (வரதட்சணை) வேறு. மார்க்கத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் (மணக்கொடை) கொடுக்க வேண்டும், பெண் வீட்டுக்காரர் கொடுப்பதாக எதுவும் விதிக்கப்படவில்லை. நீங்களாக ஊர் மெச்சச் செய்த செலவை, அல்லாஹ் எழுதிய பங்கில் கழிக்க முடியாது. பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆணுக்கும் பங்கு உண்டு, பெண்ணுக்கும் பங்கு உண்டு, குறைவோ கூடுதலோ அது விதிக்கப்பட்ட பங்கு என்பது வசனம் (4:7).

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அத்தா (தகப்பனார்) மௌத்தாகிவிட்டார் (இறந்துவிட்டார்). அவருடைய தாய் தந்தை முன்பே இல்லை. மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். கடன் போக மீதிச் சொத்து 24 லட்சம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 லட்சம். மீதி 21 லட்சம். ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் (4:11) ஐந்து பங்காக்கினால் மகளுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம், மகன்களுக்குத் தலா 8 லட்சத்து 40 ஆயிரம்.

மகளுக்கு ஏன் பாதி, இது நீதியா என்று அடுத்து கேட்பார்கள். மனைவி, பிள்ளை, தேவைப்பட்டால் தாய், சகோதரி வரை செலவுப் பொறுப்பு ஆணின் தலையில் இருக்கிறது. பெண்ணின் பணம் அவளுக்கே. ஆகவே இந்த விகிதம் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கம். எல்லா இடத்திலும் பாதி என்பதும் இல்லை. இறந்தவருக்கு மகன் இருந்தால் தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று, சமமாக. ஆனால் ஒன்று சொல்வேன். பொறுப்பைச் சுமக்காமல் இரட்டைப் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளும் அண்ணன் தம்பிகள் இந்த விளக்கத்தை வாயால் சொல்லக் கூடாது.

நடைமுறையில் நடப்பது இன்னும் மோசம். தங்கச்சியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். "நல்லது கெட்டதுக்கு அண்ணன் வாசல் வேணும்ல" என்ற பயத்தில் அவள் போடுகிறாள். மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. பங்கு எவ்வளவு என்று சொல்லி, அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் அவளாகத் திருப்பிக் கொடுத்தால் அது மனப்பூர்வம்.

நாட்டுச் சட்டமும் இதில் அவள் பக்கம்தான். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டப்படி முஸ்லிம் வாரிசுரிமை ஷரீஅத் முறையில்தான். அதில் விலக்கு இருந்த விவசாய நிலத்தையும் சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் போட்டு உள்ளே கொண்டுவந்துவிட்டது. "வயக்காட்டில் பொம்பளைக்குப் பங்கு கிடையாது" என்பது வெறும் வாய்ப்பேச்சு.

உயிரோடு இருக்கும்போதே மூத்த மகனுக்கு மட்டும் வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு, நபியைச் சாட்சியாக இருக்கச் சொன்னார். உன் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுபோலக் கொடுத்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அல்லாஹ்வுக்குப் பயந்து பிள்ளைகளிடையே நீதியாக நட, அநீதிக்கு நான் சாட்சி இல்லை என்று மறுத்துவிட்டார்கள். நோயாளிப் பிள்ளை, படிப்புச் செலவு போன்ற தேவைகளில் அறிஞர்கள் தளர்வு சொல்வார்கள். பாசத்துக்குத் தளர்வு இல்லை.

வேலையாள் கூலி விஷயத்தில்?

வியர்வை உலரும் முன் கூலியைக் கொடு என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். மறுமையில் மூன்று பேருக்கு நானே எதிரி என்று அல்லாஹ் சொல்வதாக ஒரு ஹதீஸ் புகாரியில் உண்டு. அவர்களில் ஒருவன், ஆளை வைத்து வேலையை முழுசாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். ஆத்தங்குடிக் கல் போடுகிறவர் கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணம் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரர் பாக்கி தரவில்லை என்பது அவர் கூலியை நிறுத்தக் காரணம் ஆகாது.

ஜமாஅத்தில் பஞ்சாயத்துப் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பு இல்லை. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) சொன்ன புத்திமதி அது. கோபத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு ஹதீஸ். பெண் பேசும்போது "அவங்க அண்ணன் பேசட்டும்" என்று நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அவளுடைய வழக்கை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

ஜெயித்து வெளியே வருபவருக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நானும் மனிதன்தான், உங்களில் ஒருவர் இன்னொருவரைவிட வாதத்தில் கெட்டிக்காரராக இருக்கலாம், கேட்டதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்வேன், அடுத்தவர் உரிமையை அப்படி உங்களுக்குக் கொடுத்துவிட்டால் அது நெருப்புத் துண்டு என்றார்கள் நபி (ஸல்). தீர்ப்பு நம் பக்கம் வந்ததால் பொருள் நமக்கு ஹலாலாகிவிடாது.

இஸ்லாமிய நீதி என்றால் கை வெட்டுவதுதானே?

அந்தத் தண்டனை குர்ஆனில் இருக்கிறது (5:38), மறைக்க ஒன்றுமில்லை. அதை நிறைவேற்றுவது அரசும் நீதிமன்றமும், அதுவும் கடுமையான நிபந்தனைகளோடு. தனி ஆளோ ஜமாஅத்தோ கையில் எடுக்க முடியாது. பஞ்ச வருஷத்தில் உமர் (ரலி) இதை நிறுத்தி வைத்ததாக அறிவிப்பு உண்டு. இங்கே நாட்டுச் சட்டம்தான். நீதி பற்றிய வசனங்களில் தண்டனை பேசுபவை கொஞ்சம், கொடுக்கல் வாங்கலும் சாட்சியும் உறவும் பேசுபவைதான் அதிகம்.

அநியாயம் செய்துவிட்டவர் தவ்பா (பாவமன்னிப்புக் கோருதல்) செய்தால் போதுமா? இறந்தவரின் கடனுக்கு என்ன வழி?

அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையே உள்ளதை அவன் மன்னிப்பான். அடியானின் ஹக்கை (உரிமையை) அந்த அடியானிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது மன்னிப்பு வாங்க வேண்டும். திவாலானவன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) தோழர்களைக் கேட்டார்கள். காசு பணம் இல்லாதவன் என்றார்கள். மறுமையில் தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு வருவான், ஆனால் ஒருவனை ஏசியிருப்பான், ஒருவன் மேல் பழி போட்டிருப்பான், ஒருவன் பொருளைத் தின்றிருப்பான், நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கு வைத்துத் தீர்ந்தபின் அவர்கள் பாவம் இவன் தலையில் ஏறும், அவன்தான் திவாலானவன் என்றார்கள். வட்டிக்கடையும் கணக்குப்பிள்ளையும் பார்த்து வளர்ந்த ஊருக்கு இந்த ஹதீஸை விளக்க வேண்டியதே இல்லை.

ஜனாஸாத் தொழுகைக்கு (இறந்தவருக்கான தொழுகைக்கு) முன் வரிசை நின்றதும், இவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளைப் பார்க்கவும் என்று ஒருவர் அறிவிப்பார். இதற்கு அடிப்படை உண்டு. மூன்று தீனார் கடனோடு இறந்தவருக்குத் தொழவைக்க நபி (ஸல்) தயங்கி, நீங்கள் தொழுதுகொள்ளுங்கள் என்றார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றபின்தான் தொழவைத்தார்கள்.

வரிசை இதுதான்: முதலில் கஃபன் (இறந்தவருக்குப் போர்த்தும் துணி), அடக்கச் செலவு. அடுத்து கடன். அப்புறம் மரண சாசனம், அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், வாரிசாக இல்லாதவருக்கு. கடைசியில்தான் வாரிசுப் பங்கு. நம் வீடுகளில் மறந்துபோகும் கடன் ஒன்று உண்டு. நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) மஹர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசிவரை கொடுக்காமல் போயிருப்பார்கள். அதுவும் கடன்தான். சொத்தைப் பிரிக்க உட்காரும் முன் அந்தத் தொகையை எடுத்து அவர் மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும். எட்டில் ஒன்று அதற்கு மேல் அவருக்குத் தனியாக வரும்.